தம்பி பேர் இல்லாத மரண அறிவிப்பு

அப்பா செத்த மறுநாள், ஊர்ப் பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

டெல்மர் வெஸ்லிங், வயது எழுபத்தெட்டு, அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துக்காரர். பத்தொன்பது வயதில் கொரியப் போருக்குப் போய், அங்கே பனிக்கு இடது காலில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு முப்பத்திரண்டு வருஷம் பன்றிக்கறி ஆலையில் தொடைக்கறி வெட்டினார். அம்மா ஐரிஸைக் கட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் ஆடிய கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. தோற்றுவிட்டால் வீடு வரும்வரை வாய் திறக்கமாட்டார்.

இதெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். "உயிரோடிருக்கும் உடன்பிறந்தவர்கள்" என்ற இடத்தில் பேனா நின்றது. ஒரே ஒரு தம்பிதான். ராய்ஸ் சித்தப்பா.

எண்பத்தைந்து ஆகஸ்டில் ஆலைக்காரர்கள் கூலியைக் குறைத்தார்கள். யூனியன் வேலைநிறுத்தம் செய்தது. ஜனவரிக் குளிரில் அப்பா அந்த ஊனக் காலோடு ஆலை வாசலில் நின்றார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் பக்கத்தில் இருந்தேன். ஐந்தாவது மாதம் ஒருநாள் காலை, உள்ளே போகும் கார்களில் சித்தப்பாவின் காரும் வந்தது.

"வழி விடுண்ணே. ஜூடிக்குச் சிறுநீரகம் போச்சு. ஆலை இன்சூரன்ஸ் இல்லேன்னா அவ செத்துப்போவா."

"இங்க நிக்கிறவன் பொண்டாட்டியெல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்காங்களாடா? காரைத் திருப்பு."

"முடியாதுண்ணே."

"உள்ள போனியோ, நீ என் தம்பி இல்ல. கருங்காலி!"

கையிலிருந்த காபியை அப்பா கார்க் கண்ணாடியில் வீசினார். அது வழியும்போதே உறைந்தது. சித்தப்பா வைப்பரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார்.

வேலைநிறுத்தம் தோற்றது. வாசலில் நின்றவர்களை ஆலை திரும்பச் சேர்க்கவில்லை. ஐம்பத்துநாலு வயதில் அப்பா பள்ளிக்கூடத்தில் துடைப்பம் பிடித்தார். சித்தப்பாவின் பிள்ளைகள் மிதித்துப்போன சேற்றை அவர் துடைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜூடி சித்தி பிழைத்துக்கொண்டாள். அதற்காக ஒருநாளும் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

மூவாயிரம் பேர் உள்ள ஊர், ஒரே லூத்தரன் தேவாலயம். இருபத்துநாலு வருஷம் இருவரும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. போன மாதம் அப்பா படுத்த படுக்கையானதும் சித்தப்பா வந்து கதவைத் தட்டினார். நான் திறந்தேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல்தான் கேட்டது. "மார்லா, குளிர் வருது பாரு. கதவைச் சாத்து." சாத்தினேன்.

அறிவிப்பிலும் தம்பி பேரைச் சேர்க்கவில்லை.

தேவாலயத்தில் சவப்பெட்டியைப் பார்க்க வந்த கூட்டத்தில், மடித்த பத்திரிகையோடு சித்தப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"என் பேரு எங்கம்மா?"

"அப்பா உங்களை வேண்டாம்னுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நானும்தான் வேண்டாம்னேன்."

"உங்கப்பன் அச்சுல வார்த்த மாதிரியே இருக்கே. அந்தாளுக்காவது கால் உறைஞ்சுது. உனக்கு என்ன உறைஞ்சுது?"

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, சித்தப்பா. நகருங்க."

நகர்ந்துவிட்டார். கல்லறையில் பழைய சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்து, தேசியக் கொடியை மடித்து அம்மா மடியில் வைத்தபோது அவர் அங்கே இல்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமைப் பத்திரிகையில், அவரே காசு கட்டிப் போட்ட இரண்டு வரி வந்திருந்தது: "காலஞ்சென்ற டெல்மர் வெஸ்லிங்குக்கு ராய்ஸ் என்று ஒரு தம்பி உண்டு. அவன் உயிரோடு இருக்கிறான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பாத்தியாம்மா திமிரை!" என்று அம்மாவிடம் நீட்டினேன். அம்மா இரண்டு தரம் படித்தாள். பிறகு அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, அதன்மேல் உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தாள்.

"பொய்யா எழுதியிருக்கான்? உண்மைதானே" என்றாள். "போய் அடுப்பைப் பத்தவை."