கடைசி அடியில் இருந்த பெயர்

கள்ளுக்கடை மறியலில் பிடிபட்டு மதுரை லாக்கப்பில் கிடந்தபோது அவரைப் பார்த்தேன். கால் நீட்ட இடமில்லாத அறை. ஒடிசலான அந்த மனிதர் மூலையில் குந்தியபடி தொடையின் மேல் விரல்களால் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே இருப்பார். கோரிப்பாளையத்தில் சர்க்காரைத் திட்டும் பாட்டு ஒன்றைப் பாடினாராம்.

பாட்டுக் கட்டியவர் கடைசி அடியில் தன் பெயரை வைப்பார். யார் பாடினாலும் அதையும் சேர்த்தே பாடுவார்கள். இன்ஸ்பெக்டருக்கு இது எங்கே புரிந்தது? பாட்டைக் கட்டியவரே இவர்தான் என்று நினைத்துவிட்டார்.

"உன் வாயாலேயே பேரைச் சொல்லிட்டு, நான் அவன் இல்லைங்கிறியே! சரி, அந்தப் பேரு இல்லாமப் பாடு. விட்டுர்றேன்."

பாடினார். கடைசி அடிக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்தப் பெயரையும் பாடிவிட்டார். கதவை மறுபடி பூட்டினார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏண்ணே, அந்த ஒரு பேரை முழுங்கியிருக்கக் கூடாதா?"

"முழுங்கத்தான் பாத்தேன் மாப்ள. அந்த ஆளை நான் கண்ணால பாத்ததுகூட இல்ல. ஆனா அவரு கட்டின பாட்டாச்சே. பேரை எடுத்துட்டா களவாண்ட மாதிரி ஆயிராதா?"

மறுநாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வந்த போலீஸ்காரர், பாட்டில் இருந்த அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"வாரேன்" என்று எழுந்து போனார்.

அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.