மழை வேண்டாம் என்று கேட்ட ஜெபம்

எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம் கட்டில் விரிப்பது அல்ல, நாடி பார்ப்பதும் அல்ல. நோயாளிக்குப் பக்கத்தில் போய் நிற்பது. "முதலில் அவருடைய பெயரைச் சொல்லுங்கள். பிறகு அவருடைய கையைத் தொடுங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் வேலை" என்பார் மேற்றன், எங்கள் தலைமைத் தாதி. வெள்ளைக்காரி. முன்ஷி வைத்துப் படித்த தமிழ் என்பதால் அச்சடித்த புத்தகம் வாய் திறந்தது போலவே பேசுவார். இயேசு நோயாளிகளைத் தொட்டார், தூரத்தில் நின்று மருந்து எறியவில்லை என்று அவர் அடிக்கடி சொல்வதைக் கேட்டு நாங்கள் விடுதியில் சிரிப்போம். யாராவது சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தால், "மருந்து எறியாதையடி" என்போம்.

ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் தெருவில், ஒரு வளைவில் இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. ஆண்களுக்கு ஒரு வாட்டு, பெண்களுக்கு ஒன்று, சமையலுக்குக் குசினி, எங்கள் விடுதி, ஒரு சின்ன வேதக்கோயில். தாதிப் படிப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லாரும் கமக்காரரின் பிள்ளைகள். என் ஐயாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் காடு வெட்டிக் கமம் செய்தவர்தான். நான் நேர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் அயலட்டை முழுக்க மூக்கைச் சுளித்தது. அம்மாவின் கவலை வேறு. "படி, வேண்டாமெண்டு சொல்லேல்லை. வேதத்துக்கு மட்டும் மாறிப்போடாதை" என்றா.

நான் மாறவில்லை. மேற்றனும் மாறு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். காலை ஜெபத்தில் எல்லாரோடும் நிற்பேன், பாட்டுப் பாடுவேன். ஆமேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தும் அவர் பார்க்காதது போலப் போய்விடுவார்.

எனக்கு இரண்டாம் வருஷம் நடந்தபோது மழை பிந்திவிட்டது. புழுதியில் விதைத்துவிட்டுச் சனம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாட்டில் படுத்திருந்தவர்கள்கூட நோவைப் பற்றிக் கதைக்கவில்லை, முகிலைப் பற்றித்தான் கதைத்தார்கள். அப்படியொரு நாள் காலையில் மாட்டு வண்டியில் ஒரு கமக்காரனைக் கொண்டுவந்தார்கள். முப்பது வயது மட்டில் இருக்கும். கூட வந்தது மனைவி மட்டும்தான். வரம்பு கட்டும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டதாம். சாணியும் சாம்பலும் வைத்துக் கட்டிக் காயமும் மேலால் ஆறிவிட்டதாம். இப்போது வாய் திறக்க முடியவில்லை. "பல்லுக்குத்து எண்டு உப்புத் தண்ணி குடுத்தனான். அதையும் கொப்பளிக்க முடியேல்லை" என்றா அந்தப் பெண்.

அன்று முல்லைத்தீவிலிருந்து டொக்டர் வரும் நாளாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம். டொக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, எங்களிடம் சொன்னார்.

"காயத்தாலை வந்த ஏற்பு, ரெட்டனஸ். இருந்த மருந்து முழுக்கப் போட்டாச்சு. இனி இருட்டும் அமைதியும்தான் வைத்தியம். சின்னச் சத்தம் கேட்டாலும் இழுக்கும், கை பட்டாலும் இழுக்கும். அந்த இழுப்பிலை மூச்சு நிண்டால் முடிஞ்சுது. ஒரு பத்து நாள் தாண்டினால் தப்பலாம்." போகும்போது இன்னொன்றும் சொன்னார். "அந்த மனிசனுக்கு எல்லாம் விளங்கும். அறிவு தெளிவாத்தான் இருக்கும்."

வாட்டின் கடைசியில் இருந்த தொங்கல் அறையைத் துப்புரவாக்கி, ஜன்னல்களைக் கறுப்புக் கம்பளியால் மூடினோம். மேற்றன் என்னைக் கூப்பிட்டார். "நீ கோபக்காரி. ஆனால் நீ நடந்தால் சத்தம் கேட்பதில்லை. பகலில் நீயே அவருடன் இரு. பெயர் சொல்ல வேண்டாம். தொட வேண்டாம். மருந்தில் தூங்கும்போது மாத்திரம் செய்ய வேண்டியதைச் செய்."

"அப்ப மற்ற நேரம் நான் என்ன செய்யிறது மேற்றன்?"

"இரு" என்றார். "அவ்வளவுதான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாகத் தொடு, பேசு என்று உருப்போட வைத்துவிட்டு, உண்மையாகவே ஒரு மனிதன் தொடுவாரில்லாமல் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிரு என்கிறார். அந்த இருட்டில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தேன். அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு, என் மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் களைப்பான வேலை எதுவும் நான் செய்ததில்லை.

மேற்றன் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேதக்கோயில் மணியின் நாக்கைப் பழஞ்சீலையால் சுற்றிக் கட்டுவித்தார். ஞாயிற்றுக்கிழமையும் மணி அடிக்கவில்லை. ஆரோ ஒரு சைவக்காரனுக்காகக் கர்த்தரின் மணியை நிறுத்துவதோ என்று ஆராதனைக்கு வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார், அவிழ்க்கவில்லை. கிணற்றுக் கப்பிக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்கள். மா இடிப்பதைத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு மாற்றினார்கள். விடியக் கூவிய சேவல் அன்று மத்தியானமே குசினிக்குப் போனது. தானே தெருவில் நின்று கைகாட்டி பஸ்ஸை மறித்து, வளைவில் கோர்ண் அடிக்கவேண்டாம் என்று சாரதியிடம் கேட்டார். வெள்ளைக்காரி கும்பிட்டுக் கேட்டதால் வெட்கப்பட்டோ என்னவோ, அதற்குப் பிறகு அந்தப் பஸ் வளைவில் ஊர்ந்து போனது.

அந்தக் கமக்காரனின் மனைவி முற்றத்துப் பாலை மரத்தின் கீழே இருந்தா. உள்ளே வரக்கூடாது என்று சொன்னதும் நான்தான். நான் வெளியே வரும்போதெல்லாம் எழும்பி வருவா.

"ஒருக்கா விடுங்கோ பிள்ளை. நான் குழறமாட்டன். இஞ்சாருங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வந்திடுவன்."

"ஏலாது அக்கா. சத்தம் கேட்டால் அவருக்குக் கூடிப்போம்."

"என்ர சத்தத்துக்கு அவர் ஏன் பயப்பிடுறார்?"

மேற்றனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பெண்சாதி கூப்பிட்டால் சுகம் வராதா, இதைத்தானே நீங்கள் படிப்பித்தீர்கள் என்று கேட்டேன். "இந்த நோய்க்கு மனைவியின் குரலும் ஒன்று, தகரம் விழும் சத்தமும் ஒன்று" என்றார். சொன்னபோது அவருடைய முகம் நன்றாக இருக்கவில்லை.

திரும்பி வந்து மரத்தடியில் குந்தினேன். "அப்பிடி அவருக்கு என்ன சொல்லவேணும் அக்கா? சொல்லுங்கோ, சுகமானவுடனை நான் சொல்லுறன்" என்றேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. விடியக் கண் முழிச்சவுடனை, வெளியிலை போய் முகில் இருக்கோ எண்டு பார் எண்டுவார். நான் பாத்திட்டு வந்து, இஞ்சாருங்கோ, இண்டைக்கும் இல்லை எண்டுவன். வேறை என்ன கதை எங்களுக்கு. இந்த முறை விதைநெல்லு முழுக்கப் புழுதிக்கை கிடக்கு. அவர் அதை நினைச்சுக்கொண்டுதான் கிடப்பார்."

ஒருநாள் நான் வெளியே வரக் கதவு கொஞ்சம் அகலத் திறந்துவிட்டது. வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்தது. வாசலில் நின்றவ எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா. முற்றத்துக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தா. கண்ணெல்லாம் தண்ணீர்.

"சிரிக்கிறார் பிள்ளை! என்னைக் கண்டிட்டுச் சிரிக்கிறார்!"

ஏற்பு வந்தவரின் முகத் தசைகள் இறுகி உதடு இரண்டு பக்கமும் இழுபடும், பார்ப்பவருக்குச் சிரிப்பது போல இருக்கும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். அதை நான் அவவுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன். நோயாளிக்கும் அவருடைய ஆட்களுக்கும் பொய் சொல்லக்கூடாது என்பது எங்கள் பாடங்களில் இன்னொன்று. மேற்றனும் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். குனிந்துகொண்டு போய்விட்டார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, இழுப்புக் குறைந்தது. கரண்டியால் விட்ட தண்ணீரை விழுங்கினார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மேற்றன் என் தலையில் கை வைத்தார். விடுதியில் அன்று பிள்ளைகள் எல்லாரும் காதுக்குள் கதைத்துக் காதுக்குள் சிரித்தார்கள். அந்த ஒரு நாளை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. அந்த நம்பிக்கை வராமலே எல்லாம் முடிந்திருக்கலாம். பிறகு எத்தனையோ வருஷம் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தேன். ஊசி காப்பாற்றியதைக் கண்டிருக்கிறேன், சேலைன் காப்பாற்றியதைக் கண்டிருக்கிறேன். அன்பு காப்பாற்றிய ஒருவரையும் நான் காணவில்லை. காணாமலே நானும் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு அதைத்தான் படிப்பித்தேன், வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் விடிய வானம் கறுத்திருந்தது. தெருவால் போன சனம் சந்தோஷத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டு போனது. மரத்தின் கீழே இருந்தவ எழும்பி நின்று வானத்தைப் பார்த்தா. தலைக்கு மேலே கும்பிடத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, அந்த அறையைப் பார்த்தா. கையை மெல்லக் கீழே விட்டுவிட்டா. எதைக் கேட்பது என்று அவவுக்குத் தெரியவில்லை.

காலை ஜெபத்தில் மேற்றன் மணியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் முழங்காலில் நின்றார். "கர்த்தாவே, இந்த மழையை இன்னும் சில நாட்கள் தள்ளி வையும்" என்றார். பிள்ளைகள் நாங்கள் கண்ணைத் திறந்து ஆளையாள் பார்த்தோம். எல்லாருடைய வீட்டிலும் வயல் காய்ந்துகொண்டு கிடந்தது. என் ஐயாவின் வயலும்தான். நான் ஆமேன் என்றேன். முதற்தரம் சொன்னேன். கடைசித் தரமும் அதுதான்.

ஜெபம் முடிந்ததும் மேற்றன் வெள்ளைச் சட்டையைச் செருகிக்கொண்டு வைக்கல் சுமந்தார். தொங்கல் அறைக்குத் தகரக் கூரை. மழைத்துளி விழுந்தால் உள்ளே பறையடித்தது போல இருக்கும். ஏணி வைத்து ஏறி, வைக்கலும் பழம் பாயும் சாக்கும் பரவினோம். அந்தப் பெண்ணும் வந்து வைக்கல் தூக்கித் தந்தா, ஏன் என்று கேட்கவில்லை. மணியைக் கட்டினோம், சேவலைக் கொன்றோம், பஸ்ஸை நிறுத்தினோம், மழைக்கும் மெத்தை போட்டுவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் இடி விழுந்தது. குளக்கட்டுப் பக்கம் எங்கோ விழுந்திருக்க வேண்டும். கட்டில் அதிர்ந்தது. அவருடைய உடம்பு வில்லாக வளைந்து எழும்பியது. அது தணிவதற்குள் இரண்டாவது இடி. மேற்றன் மருந்தோடு ஓடி வந்தார். மருந்து உள்ளே போவதற்குள் மூன்றாவது. வளைந்த உடம்பு பிறகு தானாகவே இறங்கி நேராகிவிட்டது. மூச்சுத்தான் திரும்பி வரவில்லை. மேற்றன் முதுகை அமுக்கிக் கையைத் தூக்கித் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தார். வெளியே மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் பரவிய வைக்கலில் விழுந்ததால் அறைக்குள் அதிகம் சத்தமில்லை. அது மட்டும் நன்றாக வேலை செய்தது.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். சூடு இருந்தது. பெயரைச் சொன்னேன். முதற்பாடத்தை ஒரு பிழையும் இல்லாமல் செய்தேன், கேட்பதற்கு ஆள் இல்லை. மேற்றன் கம்பளியை ஜன்னலிலிருந்து இழுத்தார். வெளிச்சம் வந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஜெபம் செய்யவில்லை.

கதவைத் திறந்தேன். அவ வாசலில் நனைந்துகொண்டு நின்றா. ஜன்னல் திறந்ததைக் கண்டதும் விளங்கியிருக்க வேண்டும். அழவில்லை. இத்தனை நாள் பழகிப்போன அதே காதுக்குள் சொல்லும் குரலில் என்னைக் கேட்டா.

"இனிக் கதைக்கலாமோ பிள்ளை?"

"ஓம் அக்கா" என்றேன்.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு அவருடைய முகத்தைத் துடைத்தா. பிறகு காதுக்குக் கிட்டக் குனிந்து, வீட்டில் விடியற்புறம் சொல்வது போலச் சொன்னா.

"இஞ்சாருங்கோ. மழை வந்திட்டுது."