வலது ஓரத்தில் நின்றவர்

கண்ணாடிக் கடைப் பெண் என் பார்வையைச் சோதித்துவிட்டு, "நாப்பதைத் தாண்டுனா இப்படித்தான் மேடம்" என்று ஆறுதல் சொன்னாள். நான் கண்ணாடி வாங்காமல் வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் எழுத்துகளைப் பெரிதாக்கிக்கொண்டேன். கஞ்சத்தனம் இல்லை, வீம்பு. மறுநாள் அலுவலகத்தில் படிக்கச் சொன்ன இணையப் பாடத்தைத் திறந்தால் 'அடுத்து' என்ற பொத்தானைக் காணோம். பாடம் மொத்தமும் வீங்கி, பொத்தான் திரைக்கு அடியில் போயிருந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். இசக்கியின் நினைவு வந்துவிட்டது.

என் முதல் வேலை தென்காசியில், பரோட்டாக் கடை மாடியில் ஒற்றை அறை. மதியத்துக்கு முன்பே சால்னா வாசம் படியேறி வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது சால்னா கொதித்தால் என் விரல்கள் கீபோர்டைத் தேடும். முதலாளி, நான், இசக்கி மூன்று பேரும் கம்பெனிகளுக்கு இணையப் பாடங்கள் செய்து கொடுத்தோம். "டீச்சர் வேலையா?" என்பார்கள் ஊரில். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

இசக்கியின் அப்பா குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர், திடீர் வெள்ளத்தில் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் காரியம் செய்யச் சொல்லி நச்சரித்தார்கள். "ஆளைப் பாக்காம என்னத்துக்குக் காரியம்?" என்று அவள் அம்மா பொட்டை அழிக்காமலே இருந்தார்.

அது நடந்து இரண்டு சீசன் கழித்து, குற்றாலத்தில் ஒரு விடுதி எங்களிடம் பாடம் கேட்டது. விருந்தாளிகளை அருவியில் பத்திரமாகக் குளிக்கவைப்பது எப்படி என்று புது ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும். சாரல் விழுந்த ஒரு காலையில் ஐந்தருவிக்கு நான்தான் போய்ப் படம் எடுத்தேன். காமிராவுக்குத் துண்டு போர்த்திவிட்டு நான் நனைந்தேன். அருவியின் வலப்பக்கம் யாரும் இல்லை. வெறும் தண்ணீர்.

பாடத்தை அனுப்பிய பிறகு விடுதி மேனேஜர் போன் செய்தார். "எல்லாம் நல்லாருக்கும்மா. வலது ஓரத்துல ஒருத்தர் நிக்காரு பாருங்க, அவரை மட்டும் எடுத்துருங்க."

எங்கள் திரையில் அப்படி யாரும் இல்லை. முதலாளியின் மங்கிய கண்ணுக்காக எல்லாக் கணினியிலும் காட்சி அளவைக் கூட்டி வைத்திருந்தோம். பாடமோ ஒரே ஓர் அகலத்துக்கு என்று செய்தது. அளவைக் கூட்டினால் வலது ஓரம் வெட்டுப்பட்டுவிடும். படத்தைப் பாடத்தில் சேர்க்கும்போது அது உள்ளங்கை அளவில் முழுதாகத்தான் தெரியும். அப்போதும் என் கண்ணில் யாரும் படவில்லை.

இசக்கி அளவைக் குறைத்தாள். எழுத்துகள் எறும்பாகச் சுருங்கின. ஓரம் உள்ளே வந்தது. தண்ணீருக்கு நடுவில் ஒருவர் முதுகு காட்டி நின்றார். தலையில் துண்டு, இடது கை இடுப்பில்.

"ஏட்டி," என்றாள் இசக்கி மெதுவாக. "எங்கப்பா நிக்காவ. இடுப்புல கை வச்சு இப்படித்தான் நிப்பாவ."

முகம் தெரியுமா என்று நான் பெரிதாக்கினேன். ஆள் சதுரம் சதுரமாகச் சிதறினார். இன்னும் பெரிதாக்கினால் வெறும் சாம்பல் கட்டங்கள். குறைத்தால் மறுபடியும் அவர்.

மறுநாள் காலை இருவரும் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவரிடம் போனில் படத்தைக் காட்டினோம். அவர் அருவியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "அங்கன எவன் நிக்க முடியும்? கால் வைக்கப் பாறையே கிடையாதுல்லா." சட்டென்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மதியமே இசக்கி அம்மாவை அழைத்து வந்தாள். முதலாளி டீ குடிக்கக் கீழே இறங்கிப்போனார். நாற்காலி போட்டும் அம்மா உட்காரவில்லை. "அவுகதான்," என்றார். உதவுவதாக நினைத்து நான் பெரிதாக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெருசாக்காத தாயி. கலைஞ்சிருவாவ."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஜன்னலில் சாரல் தட்டியது. "ரெண்டு சீசனா நனைஞ்சுகிட்டே நிக்காவளே. நான் விடாமத்தான நிக்காவ? போகச் சொல்லு இசக்கி."

அந்த வாரமே காரியம் நடந்தது. ஓரத்தை வெட்டும் வேலையை இசக்கி என்னிடம் தரவில்லை, அவளே செய்தாள். வெட்டாத பாடத்தின் ஒரு பிரதியை மட்டும் என்னிடம் கொடுத்தாள். "நீ வச்சுக்க. எங்கிட்ட இருந்தா தெனமும் தொறப்பேன்."

சாலையை அகலப்படுத்தியபோது அந்த மாடியே போய்விட்டது. முதலாளி இல்லை, இசக்கியின் அம்மாவும் இல்லை. இசக்கி மஸ்கட்டில் இருக்கிறாள். நேற்று அவளை அழைத்தேன். பேச்சு அங்கே இங்கே சுற்றி, "அந்தப் பாடத்தைத் தொறந்து பாரேன்" என்றாள்.

பிரதி பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பாடங்களை ஓட்டிய மென்பொருள் உலகத்தில் எங்கும் இல்லை, செய்தவர்களே நிறுத்திவிட்டார்கள். திறந்தால் வெள்ளையாக ஒரு சட்டம் வந்தது.

"அளவைக் கொறைச்சுப் பாரு."

குறைத்தேன்.

"இன்னும் கொற."

சட்டம் நகத்தளவு சுருங்கியது.

"நிக்காவளா?"

"இல்லட்டி," என்றேன். "போயிட்டாவ."