ஒன்பது பிளாப்பியில் ஒரு கடை

என் அண்ணி எதை எங்கே அடுக்கினாலும் முதலில் பெரியதைத் தேடுவார். சந்தைப் பையைப் பிரித்தால் பூசணிக்காய் முதலில் அலமாரிக்குள் போகும். மிளகாய்க்கு அதன் ஓரத்தில் ஓர் இடம் கிடைக்கும். பயணப் பெட்டியில் அண்ணனின் ஷூ முதலில், அதற்குள் சுருட்டிய காலுறை. "பெருசு முதல்ல" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிறியதை முதலில் வைத்து நான் பார்த்ததில்லை. அண்ணன் கொஞ்சம் பருமன். "கல்யாணமான புதுசுல பஸ் ஏறும்போது என்னைத்தான் முதல்ல ஏறச் சொல்லுவா. மரியாதைன்னு நெனச்சேன்" என்பார்.

அண்ணியும் நானும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தோம். நான் பின்னறையில் லென்ஸ்களைத் துடைத்து உறையில் போடுபவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் தலையாட்டுவேன், அவ்வளவுதான். அண்ணி முன்னறையில் கல்லாவுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு நாள் முதலாளி பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே தலையணை கனத்தில் ஒரு புத்தகம். யாரும் தொடவில்லை. அண்ணி மட்டும் டீ நேரத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆறே மாதத்தில் புது வாடிக்கையாளர்களின் கண் பவர் எல்லாம் அதற்குள் போய்விட்டது. ஆளுக்கு ஒரு சின்ன ஃபைல். பிரேம் படங்களும் லென்ஸ் பட்டியல்களும் பெரிய பெரிய ஃபைல்களாக இருந்தன.

மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் பிளாப்பி என்னும் சின்ன வட்டுகளில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். கையில் வந்த வரிசையில் போட்டால், ஒரு பெரிய ஃபைல் நுழையாமல் பாதி பிளாப்பி காலியாகவே நிற்கும். பன்னிரண்டு ஆகும். முதலாளி பிளாப்பிகளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் அண்ணி தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். இருநூறு வரிகூட இருக்காது. பெயர் 'அடுக்கு'. எந்த பிளாப்பியில் எந்தெந்த ஃபைலைப் போடலாம் என்று அது திட்டம் போட்டுக் கொடுக்கும். பெரியதை முதலில் வைத்து, மிஞ்சிய சந்தில் சிறியதை நிரப்பும். பன்னிரண்டு, எட்டாகக் குறைந்தது.

"முட்டைத் தட்டு மாதிரிம்மா பிளாப்பி" என்று என்னிடம் விளக்கினார். "அரை முட்டை வெச்சாலும் ஒரு குழி போயிடும். அதைக்கூடக் கணக்குல சேத்திருக்கேன். இதுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் இருபது வருடப் பழைய நோட்டுகளும் இருந்தன. அவற்றையும் ஒன்று விடாமல் தட்டச்சு செய்து முடித்த அண்ணி, "இனி நோட்டு வேண்டாம் சார், என் பொறுப்பு" என்றார். முதலாளி நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். சரியாக நான்காம் நாள் காலையில் கம்ப்யூட்டருக்குள் கடகடவென்று ஒரு சத்தம்.

மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டார். "ஹார்டு டிஸ்க் போகப்போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து மாத்தித் தர்றேன். அதுக்குள்ள உள்ள இருக்கிறத எடுத்து வெச்சுக்குங்க. எடுக்காதது போனதுதான்."

மூவாயிரம் பேருடைய கண் அதற்குள் இருந்தது, பழைய நோட்டுக்காரர்களுடையது வேறெங்கும் இல்லை. பழைய நோட்டுகளைத் தட்டச்சு செய்த பிறகு இன்னும் ஒரு தடவைகூடப் பிரதி எடுக்கவில்லை. முதலாளி தானாகவே மேஜை இழுப்பறையைத் திறந்து, கெட்டுப்போகாமல் மிச்சமிருந்த பத்து பிளாப்பிகளையும் மொத்தமாக எடுத்து வைத்தார். அதிலேயே அவருடைய பயம் தெரிந்தது.

'அடுக்கு' ஒன்பது போதும் என்றது. "பாத்தீங்களா சார், ஒண்ணு மிச்சம்" என்றார் அண்ணி. நான் லேபிளில் எண் எழுதி ஒட்ட உட்கார்ந்தேன். மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பெரியவை எல்லாம் முதல் ஏழில் அடங்கிவிட்டன. எட்டிலும் ஒன்பதிலும் வெறும் பொடிசுகள், வாடிக்கையாளர் ஃபைல்கள். எட்டாவது பிளாப்பி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. இனிமேல் போட முடியாதாம். திரையைப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் காலியாக இருக்கிறது.

"பிளாப்பி கெட்டது போல" என்று அண்ணி பத்தாவதைப் போட்டார். வேறு ஃபைல்களிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார். அதுவும் நின்றது.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலிப் பெட்டி நெறஞ்சிடுச்சுங்குது உங்க மிஷின்."

"இருங்க சார்."

"இதுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லைன்னீங்க."

"இருங்க சார்னா."

மணி மூன்றரை. அண்ணி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. நான் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக ஓடாது, எண் தெரியும். முதலாளி இருக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அண்ணியின் தோளை மெல்லத் தொட்டேன்.

"ரெண்டுலயும் எரநூத்தி இருபத்தி நாலு அண்ணி."

"என்னது?"

"கீழ வர்ற எண்ணிக்கை. காலி இடம் ரெண்டுக்கும் வேற வேற. இது மட்டும் ஒரே மாதிரி நிக்குது."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தலையணைப் புத்தகத்தை எடுத்து எதையோ தேடினார். நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. லென்ஸ் உறை வெட்டும் என் மெல்லிய கத்தியால் பிரித்துக் கொடுத்தேன். படித்தவர், நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"இடம் தீரலம்மா, பேரெழுதற வரி தீந்துபோச்சு. பிளாப்பியோட முதல் பக்கத்துல எரநூத்தி இருபத்தி நாலு பேர்தான் எழுத முடியுமாம். இவ்வளவு நாள் பெரிய ஃபைலா இருந்ததால அவ்வளவு பேரே வரல. இப்ப பொடிசுங்க மட்டும் கூட்டமா வந்து நிக்குது."

"அப்ப தப்பு மிஷினோடதா, உங்களோடதா?" என்றார் முதலாளி.

"என்னோடதுதான். புத்தகத்துல எழுதியிருக்கு. இந்தப் பக்கம் டீ கொட்டி ஒட்டியிருந்துது, விட்டுட்டேன்."

"யார் கொட்டினது?"

"நீங்கதான் சார். அது வந்த அன்னிக்கே."

முதலாளி நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு போனார்.

வழியும் அதே பக்கத்தில் இருந்தது. பிளாப்பிக்குள் ஓர் உறை போல ஒன்றை உண்டாக்கிவிட்டால், அதற்குள் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் பக்கத்தில் உறைக்கு ஒரு வரி போதும். அண்ணி புரோகிராமில் நாலு வரி சேர்த்தார். மறுபடியும் ஒன்பது என்றது. எட்டாவதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். இருநூற்று இருபது, இருபத்து மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்து அமுக்கினார். வலித்தது, நான் எடுக்கவில்லை. ஒன்பதாவது முடியும்போது ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. மெக்கானிக் ஐந்தரைக்குத்தான் வந்தார்.

மறுநாள் புது டிஸ்கில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். முதலாளி நம்பவில்லை. "என் மாமியாரோடத எடுங்க. அது தொலஞ்சிருந்தா வீட்டுல எனக்கு இடமில்ல." திரையில் மாமியார் வந்தார், இரண்டு கண்ணோடும். என்னோடு வேலை பார்க்கும் லென்ஸ் தேய்ப்பவர் பின்னறையிலிருந்து, "இருந்தாலும் உங்களுக்கு இடமில்லன்னு கேள்விப்பட்டேனே" என்றார். முதலாளியே சிரித்துவிட்டார். அன்று எல்லோருக்கும் அவர் செலவில் டீ. கம்ப்யூட்டரிலிருந்து பத்தடி தள்ளி நின்று குடித்தோம்.

அடுத்த வாரம் அண்ணி தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கேட்டார். "எண் பாக்க எனக்கு ஓர் ஆள் வேணும் சார்." முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இப்போது கடையை முதலாளியின் மகள் நடத்துகிறார். பிளாப்பி போடும் கம்ப்யூட்டர் எதுவும் இங்கே இல்லை. பிரதிகளை மெஷினே எடுத்துக்கொள்கிறது. அன்று காப்பாற்றிய மூவாயிரம் பேரில் பாதிப் பேர் இன்னும் எங்களிடமே வருகிறார்கள். அண்ணி வாரத்தில் மூன்று நாள் முன்னறையில் உட்காருகிறார். மற்ற மூன்று நாள் நான். ஞாயிறு கடை லீவு.