இரட்டிக்க வேண்டிய எண்

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, ஒரு மாங்காய்ப் பருவத்தில், மருந்துக் கடையில் வாங்கிவந்த கர்ப்பச் சோதனை அட்டையில் எனக்கு இரண்டு கோடு விழுந்தது. அப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை. குடியிருந்ததும் அங்கேதான்.

டாக்டரம்மா பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கரு ஹார்மோன் எழுபது இருந்தது.

"ரெண்டு ரோஜுலகி டபுல் காவாலம்மா. இரட்டிச்சா நல்லா வளருதுன்னு அர்த்தம்."

ரெண்டு நாளில் நூற்றைம்பதைத் தொட்டது. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று செல்போனில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இரட்டிக்க இரட்டிக்க அவர் கண் விரிந்துகொண்டே போனது.

"ஏய், இத பாரேன். இப்படியே போய்க்கினு இருந்தா ஒரு மாசத்துல இருவது லட்சத்த தாண்டுது!"

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் அதையே சொன்னார். அவர் சிரித்துவிட்டார். ஹார்மோன் அப்படிப் போய்க்கொண்டே இருக்காது, ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்றார். "ஆனா குழந்தையப் பாருங்க. முதல்ல ஒரே ஒரு செல்லு. அது ரெண்டு, நாலு, எட்டுன்னு நாப்பது சொச்சம் தடவ இரட்டிச்சா போதும், ஒரு முழு குழந்தைக்கு வேண்டிய செல்லு வந்துடும்."

நாற்பது தடவைதானா? எனக்கு நம்பவே முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஒண்ணு ரெண்டு நாலு எட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். ஆயிரத்துக்கு மேல் கணக்குத் தப்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்றாவது முறை முந்நூறைத் தாண்டியது. அதற்கடுத்த முறை முந்நூற்று நாற்பது.

"ஏறித்தானே இருக்குது?" என்றேன்.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறினா பத்தாதும்மா."

அந்த வாரமே ரத்தப்போக்கு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வீட்டுக்காரர் என் கால்மாட்டில் நின்றுகொண்டு, "இன்னா தப்பு பண்ணோம் மேடம்? கம்பெனி பஸ்ல போனதாலயா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"யாரும் ஒண்ணும் பண்ணல. பெரும்பாலும் முதல் செல்லுலயே ஏதோ ஒண்ணு தப்பா இருந்திருக்கும். ஒண்ணு ரெண்டாகும்போது அந்தத் தப்பும் ரெண்டாகும். நாலாகும்போது நாலு. உங்களுக்குத் தெரியறதுக்குள்ள எல்லா செல்லுலயும் அது இருக்கும்."

குடிபாலா பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்தாள். மாங்காய்ப் பருவம் முழுக்க பங்காருபாளையம் மண்டியில் காய் தரம் பிரிக்கும் கூலிவேலை அவளுக்கு. போன தடவை வந்தபோது எனக்கு ஆசையாக இருக்கும் என்று ஒரு பை நிறைய பெங்களூரா மாங்காய் கொண்டுவந்திருந்தாள். நானும் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு ஆசைதீரத் தின்றிருந்தேன். இந்த முறை வெறுங்கையோடு வந்து கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எடுத்தாந்த மாங்காதான் கண்ணு. சூடு. துன்னாதன்னு சொல்ல வேண்டியவளே நான்தான், பையோட தூக்கியாந்து குடுத்தேன்."

"அதில்லம்மா. நீ குடுக்கறதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு. முதல்ல ஒண்ணா இருக்கும்போதே."

டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். விரலை மடக்கி மடக்கிக் காட்டினேன். அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணா இருக்கும்போது யாருக்கும் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நமக்குத் தெரியாமயே அம்மாம் பெருசா ஆயிடுமா?"

தலையாட்டினேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதுவரை நான் அழவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் வந்தது.

அதோடு முடியவில்லை. ஹார்மோன் முழுக்க இறங்கும்வரை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு ஒரு முறை போனேன். முந்நூறு, நூறு சொச்சம், நாற்பது. ஏறும்போது வாசலிலேயே நின்று கணக்குப் போட்ட வீட்டுக்காரர், இப்போது தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். இரட்டிப்பு இரட்டிப்பாய் ஏறிய எண், எவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டது என்றுதான் வழியெல்லாம் எனக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாகப் போன அன்று ரிசல்ட் கொடுக்கும் பெண் புதியவள். எதற்காக எடுத்த ரத்தம் என்று அவளுக்குத் தெரியாது. தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நார்மல் வச்சிந்தி மேடம். எதுவும் இல்ல," என்றாள்.

வீட்டுக்காரர் அவளிடம் "தேங்க்ஸ்மா" என்றார். வெளியே வந்து, ஆட்டோக்கள் நிற்கும் இடம்வரை நடந்தோம். ஒரு ஆட்டோக்காரர் "எக்கடிக்கு சார்?" என்று கேட்டார். எங்கே போக வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உடனே சொல்ல வரவில்லை.