ஆறே இருபத்தைந்துக்கு வரும் முதல் பஸ்

எங்கள் விமான நிலையத்தின் வாசலில் ஆளுயர எழுத்தில் ‘பன்னாட்டு’ என்று போட்டிருக்கும். எந்த நாட்டுக்கும் இங்கிருந்து விமானம் கிடையாது. காலை ஆறு பத்துக்கு ஒன்று கிளம்பும், இரவு பத்தே காலுக்கு ஒன்று இறங்கும். நடுவில் இரண்டு சின்ன விமானங்கள் வந்துபோகும். மேகம் கறுத்தால் அதுவும் சந்தேகம். இந்த லட்சணத்துக்குத் திறப்பு விழா மூன்று நாள் நடந்தது.

அந்த மூன்று நாளிலும் யாருக்கும் தோன்றாத ஒரு விஷயம், அங்கே வேலை செய்பவர்கள் எப்படி வந்துசேர்வார்கள் என்பது.

புறப்பாட்டுக் கூடத்தின் ஷட்டர்களைத் திறப்பது, விளக்குகளைப் போடுவது, துப்புரவுப் பெண்களை வேலைக்கு அனுப்புவது எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. நாங்கள் அவரைச் சாவியக்கா என்போம். இடுப்பில் பதினேழு சாவிகள் கொண்ட வளையம் தொங்கும். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். பேச்சு குறைவு. ஆனால் முட்டாள்தனம் கண்ணில் பட்டால் உதட்டை ஒரு பக்கமாகச் சுழிப்பார். அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர் என்ன பேசினாலும் எடுபடாது.

கூடம் நாலே காலுக்குத் திறந்தாக வேண்டும். நகரம் இருபத்திரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து வரும் முதல் பஸ் எங்கள் வாசலை அடைவது ஆறே இருபத்தைந்துக்கு. அதாவது விமானம் பறந்து பதினைந்து நிமிடம் கழித்து. எனவே சாவியக்கா மூன்றரைக்குச் செய்தித்தாள் வேனில் ஏறுவார். கட்டுகளுக்கு நடுவே அவர், எக்ஸ்ரே மெஷினில் உட்காரும் பெண், சுமை ஏற்றுபவர் இரண்டு பேர். இறங்கும்போது நால்வரின் முழங்கையிலும் அன்றைய தலைப்புச் செய்தி ஒட்டியிருக்கும். பதினோரு வருடம் இப்படித்தான்.

நான் பயணச்சீட்டு மேசையில் வேலை பார்த்தேன். என்னிடம் பைக் இருந்தது. வழியில் வருகிறீர்களா என்று ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை. மற்றவர்களைக் காறித் துப்புவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த பஸ் நேரத்தை நிர்ணயித்தவன் சாவியக்காவின் சொந்தத் தம்பி. பஸ் கழகத்தில் அட்டவணைப் பிரிவு அதிகாரி. வீட்டிலேயே அவனுக்கு ‘டைம்டேபிள்’ என்றுதான் பெயர். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. அலுவலகத்துக்குக் காரில் போய், காரில் திரும்புகிறவன். கடைசியாக பஸ் ஏறியது கல்லூரி நாளில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் கூடத்தில் நடந்ததைச் சாவியக்காவே எனக்குச் சொன்னார். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லையாம்.

“அக்கா, நாங்க சும்மா முடிவு பண்ணல. பதினாலு நாள் ஆள் வெச்சுக் கணக்கெடுத்தோம். காலைல முதல் பஸ்ல ஏர்போர்ட்ல இறங்கினது மொத்தமே மூணு பேரு. தேவை இல்லாத இடத்துக்கு எப்படி பஸ் விடறது?”

“அந்த பஸ் அங்க எத்தனை மணிக்கு வருது?”

“ஆறு இருபத்தஞ்சு.”

“விமானம் எப்ப கிளம்புது?”

“அது அவங்க டிபார்ட்மென்ட்.”

“ஆறு பத்துக்குடா! பறந்து போனதுக்கப்புறம் வர்ற பஸ்ல எவன் ஏறுவான்? டாட்டா காட்டவா?”

அவன் மனைவி உள்ளே சிரிப்பை அடக்கியது கேட்டதாம்.

“அந்த மூணு பேருல ரெண்டு பேரு நீ கணக்கெடுக்க அனுப்பின ஆளுங்க,” என்றார் சாவியக்கா. “என்கிட்டதான் பாத்ரூம் எங்கன்னு கேட்டாங்க. ராத்திரி மட்டும் என்ன வாழுது? விமானம் பத்தே காலுக்கு இறங்குது. உன் கடைசி பஸ் ஒன்பது நாப்பதுக்கே ஓடிடுது.”

“டிரைவருக்கும் குடும்பம் இருக்குல்லக்கா?”

“அப்ப எங்களுக்கு இல்ல?”

அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அவர் எழுந்து வந்துவிட்டார்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புது மேலாளர் வந்தார். வந்த வாரமே, பயணிகளை ஏற்றிவரும் வண்டிகள் தவிர, அனுமதிச் சீட்டு இல்லாத எந்த வண்டியும் நெடுஞ்சாலை வாயிலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். பாதுகாப்பாம். வாயிலிலிருந்து கட்டடத்துக்கு மூன்று கிலோமீட்டர். வேன்காரர் அரை மணி முன்னதாகவே கிளம்பி அங்கேயே இறக்கிவிட, நால்வரும் இருட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன. விளக்குகள் மந்திரிமார் வரும் நாளில் மட்டும் எரியும்.

மழை பெய்த ஒரு விடிகாலையில் பயணி ஒருவரின் டாக்ஸி உரசிக்கொண்டு போனது. எக்ஸ்ரேப் பெண் ஓரத்துக் கால்வாயில் விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. சுமை ஏற்றுபவர்கள் வெகுதூரம் முன்னால் போயிருந்தார்கள். சாவியக்கா அவளை இடுப்போடு அணைத்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடத்திக் கூட்டிவந்தார். இருவரும் தலை முதல் கால் வரை சேறு. அந்தக் கோலத்திலும் நாலு பதினேழுக்கு ஷட்டர் திறந்தது. இரண்டு நிமிடத் தாமதத்துக்கு மேலாளர் விளக்கம் கேட்டார். கணுக்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விளக்கத்தோடு ஒரு வேண்டுகோளையும் சாவியக்கா எழுதிக் கொடுத்தார்: வேனுக்கு அனுமதிச் சீட்டு கொடுங்கள். பதினைந்து நாளில் பதில் சுற்றறிக்கையாக வந்தது. ‘ஊழியர் அனைவரும் தனியார் வண்டிகளைத் தவிர்த்து, பொதுப் போக்குவரத்தையே பயன்படுத்த வேண்டும்.’

சாவியக்கா அதை இரண்டு முறை படித்தார். உதடு ஒரு பக்கம் சுழிந்தது.

மறுநாள் அவர் கொடுத்த கடிதம் நாலே வரி. சுற்றறிக்கையை ஏற்கிறேன். வருகிற திங்கள் முதல் பொதுப் போக்குவரத்தில் வருவேன். முதல் பஸ் வரும் நேரம் ஆறே இருபத்தைந்து. தகவலுக்காக. தபால் பிரிவில் முத்திரை குத்தி, நகலையும் வாங்கிக்கொண்டார். அந்தக் கடிதத்தை ஒருவரும் படிக்கவில்லை. படிக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

திங்கள்கிழமை நான் நாலரைக்குப் போனபோது ஷட்டருக்கு வெளியே கூட்டம். ஐந்தரைக்கு நாற்பத்திரண்டு பயணிகள், நாலு கைக்குழந்தைகள், கோட்டு போட்ட ஓர் ஆசாமி. இரவில் உள்ளே ஆள் கிடையாது. மாற்றுச் சாவி இருந்தது, பூட்டிய கட்டடத்துக்குள், மேலாளரின் அலமாரியில். அவர் காரில் பறந்துவந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்.

“எங்கம்மா இருக்கீங்க?”

“பஸ்ல இருக்கேன் சார். சுற்றறிக்கைல சொன்ன மாதிரி.”

“பஸ்லயா? டாக்ஸி பிடிச்சு வாங்க!”

“அது தனியார் வண்டி சார்.”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். கோட்டு ஆசாமி மேலாளரைப் பார்த்து, “உங்க ஏர்போர்ட்ல ஒரு சாவிதானா?” என்றார்.

ஆறே இருபத்தைந்துக்கு பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் ஒரே ஒருவர். சாவியக்கா அவசரப்படவில்லை. கைப்பையைத் தோளில் சரிசெய்து, கூட்டம் விலகிய வழியில் நடந்துவந்து, ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாவியக்கா, முத்திரை குத்திய நகலை நீட்டினார்.

“உங்க ஆபீஸ் முத்திரைதானே சார் இது?”

விமானம் எட்டு மணிக்குக் கிளம்பியது.

பன்னிரண்டு நாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஏன் தாமதம் என்று அவர்கள் கேட்டால், அவர் காட்டிய வரி அவர்களே அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்தது. கோட்டு ஆசாமியும் சும்மா இருக்கவில்லை. எங்கெல்லாமோ எழுதிப் போட்டிருந்தார். பதின்மூன்றாம் நாள் சாவி வளையம் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை. வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் மூன்று நாற்பதுக்கு நகரத்திலிருந்து ஒரு பஸ் என்று அறிவிப்பு வந்தது. பஸ் கழகத்தின் ‘தொலைநோக்குத் திட்டமாம்’.

மூன்று நாற்பது பஸ்ஸின் தொடக்க விழாவைக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். அதிகாரிகளுக்கு அதற்கு முன்னால் கண் திறக்காது. ரிப்பன் கட்டிய பஸ் காலியாக வர, பின்னால் ஒன்பது கார்கள் வந்தன. டைம்டேபிளும் ஒன்றிலிருந்து இறங்கி, நேராக அக்காவிடம் வந்தான்.

“அக்கா, படியில ஏறி நில்லேன். முதல் பயணின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“எனக்கு வேலை இருக்கு.”

“ஒரு நன்றிகூட சொல்ல மாட்டியா? உனக்காக எவ்வளவு போராடினேன் தெரியுமா?”

சாவியக்கா துடைப்பக் கட்டையை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ கால்வாயில விழுந்தியா? இல்ல, உன்னை நிறுத்தி வெச்சாங்களா? போடா, போய் ரிப்பனை வெட்டு. கார் கதவு திறந்தே கிடக்கு பாரு.”

அவன் வெட்டினான். கைதட்டினார்கள். ஒன்பது கார்களும் திரும்பிப் போயின.

மறுநாள் மூன்று நாற்பதுக்கு நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். பைக் பழுது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். பஸ்ஸில் இருபத்தாறு பேர். பெட்டியோடு பயணிகள், வழியில் உள்ள மருத்துவமனைக்குப் போகும் நர்ஸுகள், ஊன்றுகோலோடு எக்ஸ்ரேப் பெண். பதினாலு நாள் கணக்கில் சிக்காதவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

சாவியக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நகர எல்லை தாண்டுவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட ஆரம்பித்தார். பதினோரு வருடத்தில் அவர் உறங்கி நான் பார்த்ததில்லை. கட்டடம் வந்ததும் எக்ஸ்ரேப் பெண் தோளைத் தட்டினாள்.

“அக்கா, வந்துடுச்சு.”

அவர் விழித்து, விளக்கில்லாத கூடத்தையும், பஸ் நின்ற இடத்தையும், கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மணி நாலு பன்னிரண்டு.

“இவ்வளவுதானா?” என்றார். “இதுக்கா இந்தப் பயலுகளுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு?”

இடுப்பில் வளையம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.