கனகமாலாவின் தேக்குக் கதவுகள்

கனகமாலாவுக்கு அவள் ஓரகத்தி குசுமாவதியைக் கண்டால் ஆகாது. தெருவில் இது எல்லாருக்கும் தெரியும், குசுமாவதியைத் தவிர. திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால், நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஜினதாசனும் அவர் மனைவி கனகமாலாவும். அடுத்ததில் ஜினதாசனின் தம்பி நேமிநாதனும் அவன் பெண்டாட்டி குசுமாவதியும். நேமிநாதனுக்கு மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மூட்டைகள் எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். பிறகென்ன, அந்த வீட்டில் எதுவும் ஜாஸ்தி, இந்த வீட்டில் எதுவும் கம்மி.

வெறும் பணம் என்றால் கனகமாலா எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. அவர்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள், எறும்பு ஊர்ந்தால் கால் எடுத்து வைக்க யோசிப்பவர்கள். அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு முனிவர் ஒருவருக்குத் தன் கையால் ஆகாரம் கொடுப்பதைவிடப் பெரிய பேறு கிடையாது. முனிவர் நாளைக்கு ஒரு வேளைதான் உண்பார். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போகமாட்டார். மனதுக்குள் ஏதோ ஓர் அடையாளத்தை நினைத்துக்கொண்டு தெருவில் நடந்து வருவார். அது எந்த வாசலில் கண்ணில் படுகிறதோ அங்கே நிற்பார். எழுபத்தாறாம் வருஷம் அப்படி ஒருவர் வந்தபோது, அவரை வரவேற்கக் கலசம் ஏந்தி நின்ற கனகமாலாவைத் தாண்டிப்போய், கல்யாணமாகி வந்து வருஷம்கூடத் திரும்பாத குசுமாவதியின் வாசலில் நின்றுவிட்டார்.

எந்த அடையாளம் என்று யாருக்குத் தெரியும்? முனிவர் வாயைத் திறந்து சொல்லப்போகிறாரா? ஆனால் கனகமாலா அதை ஊர் முன்னால் தன் கன்னத்தில் விழுந்த அறையாகவே எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிறு அதன்பிறகு ஆறவே இல்லை.

எண்பத்து மூன்றில் குசுமாவதி அடுப்பங்கரையை இடித்துக் கட்டினாள். சுவர் முழுக்க அலமாரி, அத்தனைக்கும் சன்மைக்கா ஒட்டிய கதவு. தந்த நிறம், ஓரத்தில் காப்பிப்பொடி நிறத்தில் பீடிங், பித்தளைக் கைப்பிடி. தெருப் பெண்கள் எல்லாம் வந்து தடவித் தடவிப் பார்த்தார்கள். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், புதுசு மாதிரி ஆகிவிடும் என்று குசுமாவதி துடைத்தே காட்டினாள். கனகமாலாவும் போய்ப் பார்த்து, கூடு மாதிரி அடக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து தன் வீட்டு வலைக்கதவைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. வலையில் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு பக்கம் கீல் தொங்கல்.

அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் முனிவர் ஒருவர் இந்தப் பக்கமாக நடந்து வருகிறார், தை மாதம் ஊர் ஜினாலயத்தில் சில நாள் தங்குவார் என்றார்கள். கனகமாலா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். இந்த முறை முனிவர் தன் வீட்டில்தான் உண்ணவேண்டும். அவர் நின்று உண்கிற அடுப்பங்கரை குசுமாவதியுடையதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி இருக்கவேண்டும்.

வலைக்கதவே நல்லது, காற்று வரும், உள்ளே பூச்சி பொட்டு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்று ஜினதாசன் சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? தச்சர் அப்பாசாமி ஆசாரி சன்மைக்காவின் மாதிரித் துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கொண்டுவந்தார். பச்சை, நீலம், மர ரேகை போட்டது, பளிங்கு மாதிரிக் கோடு ஓடியது. கனகமாலா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எதை ஒட்டினாலும் குசுமாவைப் பார்த்து ஒட்டியதாகத்தான் சொல்வார்கள். கம்பியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடிக் கதவு என்றார் ஆசாரி. உள்ளே இருக்கிற தகர டப்பாக்களை ஊருக்குக் காட்டவா என்று அதையும் தள்ளினாள்.

மாமனார் கிராமத்து வீட்டைப் பிரித்தபோது வந்த தேக்குப் பலகைகள் பரணில் கிடந்தன. அதில் கதவு செய்யலாம் என்றார் ஆசாரி. தட்டையாக இல்லாமல் நான்கு பக்கமும் சட்டம் அடித்து, நடுவில் பலகையைக் கொஞ்சம் தூக்கி வைத்த கதவு. தேக்கு என்றதும் கனகமாலாவின் முகம் மலர்ந்தது. மேல்பூச்சுக்கு மூன்று துண்டு மரத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பெயிண்ட், ஒன்றில் வார்னீஷ், மூன்றாவதில் பாலீஷ். பாலீஷ் போட்ட துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேன் நிறத்தில் ரேகை ரேகையாக மரம் மின்னியது.

"குசுமா வீட்டுதவிட பளபளன்னு இருக்குமா?" என்று கேட்டாள்.

"அது மேல ஒட்டுற காகிதம்ங்க. இது மரமே மின்னும்," என்றார் ஆசாரி.

அவ்வளவுதான் அவள் கேட்டது. ரவையை இரண்டு தடவை சலித்து, கத்தரிக்காயை நறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உப்பைக்கூட வறுத்து வைக்கிறவள், அந்தப் பாலீஷில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்க எங்கே தோன்றும்? மனசு முழுக்க அடுத்த வீடு இருந்தால்!

கதவுகள் மாட்டியதும் தெருவே திரண்டு வந்தது. குசுமாவதியும் வந்தாள். கதவைத் திறந்து மூடி, விரலால் ரேகையைத் திரும்பத் திரும்பத் தடவினாள். கனகமாலாவுக்கு அந்தத் தடவல் பாயசம் மாதிரி இனித்தது. "எங்க வீட்டுது பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்குதுக்கா," என்றாள் குசுமாவதி. சொன்னதோடு விட்டாளா, அடுத்த வாரமே சன்மைக்காக் கதவுகளைக் கழற்றச் சொல்லிவிட்டாள். புதுத் தேக்கு வாங்கி, அதே சட்டம், அதே பாலீஷ், அதே அப்பாசாமி.

கனகமாலாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வாரம்கூடத் தனியாக ஜெயித்து நிற்க விடவில்லையே இந்தப் பாவி! தன் கதவுக்கு இன்னொரு கை பாலீஷ் போட்டே தீரவேண்டும் என்று ஆசாரியைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர் காகிதத்தைப் பிரித்து, கருஞ்சிவப்பில் மெல்லிய சில்லுகளை ஸ்பிரிட்டில் கொட்டினார். இது என்ன என்று சும்மாதான் கேட்டாள்.

"அரக்குங்க. மரத்துல பூச்சி கட்டுது பாருங்க, அதைச் சுரண்டி, உருக்கி எடுக்கிறது. பாலீஷ்னாலே இதானே," என்று சொல்லிவிட்டு அவர் கலக்க ஆரம்பித்தார்.

கனகமாலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அரக்கு! பூச்சிகள் கொத்துக்கொத்தாகச் சாகாமல் அரக்கு ஏது? அரக்கு வியாபாரம் ஆகாது என்பது சின்ன வயதில் ஜினாலயத்தில் மனப்பாடம் செய்தது. அதைத் தன் அடுப்பங்கரையில், அரிசியும் பருப்பும் இருக்கிற இடத்தில், கதவு கதவாகப் பூசி வைத்திருக்கிறாள். உடம்பு கூசியது.

அடுத்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு எட்டு நடந்தால் போதும். சொல்லத்தான் எழுந்தாள். வாசல்வரை போனவளுக்கு வேறொரு யோசனை வந்தது. ஏன் சொல்லவேண்டும்? தன்னுடையதை மட்டும் சுரண்டிவிட்டால்? தை மாதம் முனிவர் வரும்போது சுத்தமான அடுப்பங்கரை ஒன்றுதான் இருக்கும். மற்றது எப்படிப்பட்டது என்பதை நேரம் பார்த்து ஜினாலயத்துப் பெரியவர்கள் காதில் போட்டால் ஆயிற்று. அதன்பிறகு குசுமா எந்த முகத்தோடு கலசம் ஏந்துவாள்?

ஆவி பட்டுப் பாலீஷ் வெளுத்துப்போகிறது என்று ஆசாரியிடம் ஒரு காரணம் சொன்னாள். கதவுகளை உப்புத்தாள் போட்டு மரம் தெரியத் தேய்த்து, வெள்ளைப் பெயிண்ட் அடிக்கவைத்தாள். ஆஸ்பத்திரி அலமாரி மாதிரி ஆகிவிட்டது. தெருப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். குசுமாவதி வந்து, அவ்வளவு நல்ல கதவைக் கெடுத்துவிட்டீர்களே என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். கனகமாலா உதட்டைக் கடித்துக்கொண்டு, போகட்டும் என்றாள். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

தை பிறந்தது, முனிவர் வந்தார். முதல் நாளே அவர் இந்தத் தெருவுக்குத் திரும்பிவிட்டதால் கனகமாலாவுக்கு யார் காதிலும் எதையும் போட நேரமில்லை. இரண்டு வாசலிலும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கலசத்தோடு நின்றார்கள். மயிற்பீலி ஏந்தி, மௌனமாக, தரையைப் பார்த்தபடி முனிவர் நடந்து வந்தார். கனகமாலாவின் வாசலுக்கு நேராக நின்றார்.

நின்றேவிட்டார்! ஏழு வருஷம் எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜினதாசன் நமோஸ்து சொல்லி வலம் வந்து வணங்கினார். இனி ஒன்றுதான் பாக்கி. மனம் சுத்தம், சொல் சுத்தம், உடல் சுத்தம், ஆகாரமும் தண்ணீரும் சுத்தம் என்று சமைத்தவள் தன் வாயால் சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முனிவர் படி ஏறுவார்.

கனகமாலா வாயைத் திறந்தாள். மனம் என்ற சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆகாரம் சுத்தம்தான், தண்ணீர் சுத்தம்தான், கதவுகூடச் சுத்தம். அந்த ஒரு சொல்தான் வெளியே வரமாட்டேன் என்றது. முனிவர் முன்னால் பொய் சொல்லவும் துணிவில்லை. ஜினதாசன் முழங்கையால் இடித்தார். அவள் கண்ணில் நீர் வழிய நின்றாள். முனிவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து அடுத்த வாசலுக்குப் போனார்.

மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி என்று குசுமாவதி கணீரென்று சொன்னாள். ஒரு சொல் தடுக்கவில்லை. முனிவர் உள்ளே போனார். அந்தத் தேக்குக் கதவுகளுக்கு நடுவில் நின்று, கையில் வாங்கி உண்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் குசுமாவதி ஓடிவந்தாள். முகமெல்லாம் பூரிப்பு, கண்ணெல்லாம் கலக்கம். "அக்கா, உங்க வாசல்லதானே மொதல்ல நின்னாரு. ஏங்க்கா சொல்லல?"

நல்ல நேரம் என்றால் இதுதான். உன் கதவில் இருப்பது அரக்கு, நீ முனிவரை நிற்கவைத்தது அதற்கு நடுவில் என்று ஒரு வாக்கியம் போதும். குசுமாவதி ஆயுசுக்கும் நிம்மதியாகத் தூங்கமாட்டாள். கனகமாலாவுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவில்லை.

"தொண்டை அடைச்சுக்கிச்சு, குசுமா," என்றாள் கனகமாலா.

அதற்குப்பிறகு விசேஷம் எதுவானாலும், உறவு கூடினால், குசுமாவதி அந்தக் கதையை எடுத்துவிடுவாள். தேக்குக் கதவைத் தட்டிக் காட்டி, இதோ இங்கேதான் நின்று உண்டார், அக்காவைக் கேளுங்கள் என்பாள். எல்லாரும் கனகமாலாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். வயிறு எரிய எரிய, ஆமாம், நான் பார்த்தேன் என்று அவள் ஒவ்வொரு முறையும் சாட்சி சொன்னாள்.